எம்பார் பிரிக்காத தந்தி

எங்கள் திருவள்ளூரில் எம்பார் என்று பேச்செடுத்தால் போதும், எல்லோரும் அவருடைய புளியோதரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷனுக்கு ஐம்பத்திரண்டு வயசாகிறது, இவர்களுக்கு ஞாபகம் இருப்பது நாக்கு மட்டும்தான். நான் அவருக்கு அடுத்த வீடு, தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எழுபத்து நாலு தையிலிருந்து எழுபத்தைந்து தை வரைக்கும் அவர் பட்டதைக் கூட இருந்து பார்த்தவன். பார்த்தவன் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அதையும் சொல்கிறேன்.

எம்பாருக்குக் கோயில் மடைப்பள்ளியில் தளிகை, பெருமாளுக்குச் சமைக்கிற வேலை. நாலு குடும்பங்கள் அந்த வேலையில் உண்டு. தை உற்சவத்துத் தளிகை மட்டும் முறை வைத்து, நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒரு குடும்பத்துக்கு வரும். எழுபத்தொன்றில் எம்பாருக்கு முறை வந்தது. இரண்டாம் நாளே அவருடைய சித்தப்பா காலமாகிவிட்டார். பங்காளித் தீட்டு பத்து நாள். உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தார். தேர் அவர் வீட்டு வாசலில் போனபோது உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை எழுபத்தைந்தில் என்று அன்றைக்கே விரலை மடக்கி எண்ணியவர் அவர்.

எழுபத்து நாலு நன்றாகத்தான் ஆரம்பித்தது. தையில் அவருடைய ஒரே பெண் அம்புஜவல்லியைப் பார்க்க வந்தார்கள். பிள்ளை கிருஷ்ணஸ்வாமி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் வேலை. "பெருமாள் கைங்கர்யம் பண்ற ஆத்துப் பொண்ணை மெஷின் ஓட்டறவனுக்கா?" என்று தெருவில் முணுமுணுத்தார்கள். எம்பார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது, கவரைப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் குடித்தனம் வைத்தார்கள். பெண்ணை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு எம்பாரும் அவர் மனைவி செங்கமலவல்லியும் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்கூடப் பசி போகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

புரட்டாசியில் இறங்குமுகம். சர்க்கரைப் பொங்கலுக்குக் காய்ச்சிய வெல்லப் பாகு கவிழ்ந்து எம்பாருக்கு இடது கால் வெந்துபோனது. செங்கமலவல்லி ஒரு கார்டு எழுதிப் போட்டாள். கார்டு போய்ச் சேர்ந்த அன்றைக்கே, பட்டணம் போய் ரயில் மாறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்புஜம் வாசலில் நின்றாள். இருபது நாள் இருந்து அப்பாவின் காலுக்கு மருந்து போட்டாள். போகிற அன்றைக்கு அம்மாவிடம் காதோடு சொன்னாள், இரண்டு மாசம் என்று. எம்பார் கட்டுப் போட்ட காலோடு என் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்து சொன்னார்: "ஓய், கால் வெந்தாலும் வெந்தது, நல்ல சேதி வந்தது."

மார்கழியில் பள்ளிப்பட்டில் அவருடைய பெரியப்பா படுத்த படுக்கையானார். எண்பத்து மூன்று வயது. இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டார்கள். எம்பாருக்குத் தூக்கம் போனது. பெரியப்பா மேல் பாசம் இல்லாமலில்லை. ஆனால் மறுபடியும் உற்சவ நேரமாகப் பார்த்து ஒரு பங்காளிச் சாவு. "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை எமன் என் அடுப்பைத்தான் பார்ப்பானா ஓய்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

தை உற்சவம் நாலாம் நாள், திங்கட்கிழமை காலை. எம்பார் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு மடியாகக் கோயிலுக்குப் போகிறார், எதையும் தொடமாட்டார். நான் பின்னால் போகிறேன். தந்தி ஆபீஸ் முனுசாமி சைக்கிளை நிறுத்தினான்.

"சாமி, உங்களுக்குத் தந்தி வந்துகீது."

எம்பார் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் தெருவில் தந்தி என்றால் சாவு, வேறு அர்த்தம் கிடையாது. சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. விழாதவரைக்கும் இல்லை. சாஸ்திரத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எங்களுக்குப் பால்குடி மறக்கும் முன்னமே தெரியும். மடியில் இருப்பவரால் வாங்க முடியாது என்று நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

"பிரிக்கட்டுமா?" என்றேன்.

"பிரிக்காதேயும். பெரியப்பாவாத்தான் இருக்கும். அவருக்குக் கொள்ளி வைக்கப் பிள்ளைகள் இருக்கா. உற்சவம் முடியட்டும். செங்கமலத்துகிட்டயும் மூச்சு விடாதேயும்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, கையிலிருந்த பஞ்சாங்கத்துக்குள் அதைச் செருகினேன். முனுசாமி எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா சாமி, பிரிக்காமயே வச்சிக்கினு போறீங்க? அவசரமா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"உனக்குத் தெரியாதுடா, நீ போ" என்றேன். நான்தான் சொன்னேன். படித்தவன், சர்க்கார் உத்தியோகஸ்தன்.

எம்பாருடைய பங்காளி இல்லை நான். நான் பிரித்துப் படித்திருந்தால் எனக்கு ஒரு தீட்டும் ஒட்டாது. படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. அவருக்கு உபகாரம் செய்கிறேன் என்ற பெருமையில் இரண்டு நாள் நடந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் எம்பார் செய்த தளிகையைப் பற்றித்தான் ஊர் இன்னமும் பேசுகிறது. நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம், மறுநாள் தேர், கிருஷ்ணஸ்வாமியின் அண்ணா வந்தார். சவரம் செய்யாத முகம். நேரே எம்பார் வீட்டுக்குள் போனார். செங்கமலவல்லி போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். அம்புஜத்துக்கு மஞ்சள் காமாலை. ஆறு மாசக் கர்ப்பம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்விட்டாள்.

"தந்தி அடிச்சோமே, கிடைக்கலையா?" என்றார் அவர். "ராத்திரி பூரா வச்சுண்டிருந்தோம். யாரும் வரலை. இன்னிக்குக் கார்த்தால எடுத்துட்டோம்."

செங்கமலவல்லி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. மடைப்பள்ளிக்கு ஆள் போனது. எம்பார் கரியோடும் வியர்வையோடும் வந்து நின்றபோது அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"உமக்குக் கால் வெந்தப்போ அவ ஒரு கார்டுக்கு வந்தா."

என்னோடு அவள் இன்றுவரை பேசுவதில்லை.

கல்யாணமான பெண் செத்தால் அப்பாவுக்கு மூன்று நாள் தீட்டுதான். கிழவர் பெரியப்பாவுக்குப் பத்து, பெற்ற பெண்ணுக்கு மூன்று. யார் கணக்கோ! வியாழனோடு தீட்டு கழிந்தது. வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு வரலாம், இன்னும் இரண்டு நாள் முறை பாக்கி இருக்கிறது என்று கோயிலிலிருந்து சொல்லியனுப்பினார்கள். எம்பார் போகவில்லை. எந்த முறைக்காக அந்தத் தந்தியை ஒதுக்கினாரோ, அந்த முறையை அவரே விட்டுக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பெரியப்பா. பொங்கலுக்குப் பிறகு எழுந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தாராம். "குழந்தை போயிட்டா, என்னை வச்சுட்டானேடா" என்று எம்பாரைக் கட்டிக்கொண்டார். எம்பார் கிழவரின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் நான் செத்துப்போயிருக்கலாம்.

கிழவர் தூங்கிய பிறகு எம்பார் என்னிடம் வந்து கையை நீட்டினார். பஞ்சாங்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் அது பிரிக்காமல்தான் இருந்தது. பிரித்தார். 'அம்புஜம் அபாய நிலை, அப்பா வேண்டுமென்கிறாள், உடனே வரவும்' என்று இங்கிலீஷில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"திங்கட்கிழமை பத்து மணி ரயிலுக்குப் போயிருந்தா எப்போ போய்ச் சேர்ந்திருப்பேன்?"

"மத்தியானத்துக்குள்ளே" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

பங்குனியிலிருந்து எம்பார் மடைப்பள்ளிக்குப் போகிறார். புளியோதரை அதே ருசிதான் என்கிறார்கள். நான் அதற்கப்புறம் வாங்கவில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வருவார். முனுசாமியின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் நின்றுவிடுவார். மடியாவது ஒன்றாவது, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்பார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல சாமி" என்பான் முனுசாமி, சைக்கிளை விட்டு இறங்கி.

அவன் தெருவைத் தாண்டிப் போகிறவரைக்கும் அந்தக் கைகள் நீட்டியபடியே இருக்கும்.