கடல் மறையக்கூடாதென்று வாங்கிய கையெழுத்து

“...அதுவும் நீ கேட்டியேன்னுதானே தம்பி கையெழுத்துப் போட்டேன்! காற்றாடி வந்தா கடல் மறைஞ்சிடும்னு சொன்னது யாரு?”

மூன்றாம் மாடி அக்கா தம் வீட்டு வாசலில் நின்றபடி நகல் தாள்களை என்னிடம் நீட்டினார். எங்கள் தஞ்சோங் தோக்கோங் அடுக்குமாடிக்கும் கடலுக்கும் நடுவே இருபது மாடிக் கட்டடம் எழும்பப் போவதாக அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல நகராட்சிக்குப் போன அக்காவுக்கு, அங்கிருந்த குமாஸ்தா அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் கொடுத்ததாக ஒரு சம்மதக் கடிதத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறார். அதன் பின்னால் இணைத்த தாள்களில் எங்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது.

அந்தக் கையெழுத்துகளை வீடு வீடாக ஏறி வாங்கியவன் நான்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, யாரோ கடலுக்குள் உயர உயரமாய்க் காற்றாடி நட்டு மின்சாரம் எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் எங்கள் கடலின் புகைப்படம் ஒன்றில் பேனாவால் கம்பங்கள் வரைந்து காட்டினார். ஒவ்வொன்றும் தென்னை மரத் தடிமன்.

“இதப் பாத்துக்கிட்டுக் காலையில காப்பி இறங்குமா?” என்றார்.

கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை நானா, “கடலுக்கு ஊசி போடப் போறாங்களா லா?” என்று சிரித்தார். அக்கா ஒருவர்தான், “சுத்துனா சுத்திட்டுப் போகட்டும் தம்பி, பாக்க நல்லாத்தான் இருக்கும்” என்றார். நான் விடவில்லை. மூன்று முறை போய்ப் பேசி அவரை மாற்றினேன்.

தலைவர் என்னிடம் கோடு போட்ட வெறும் தாள்களைத்தான் கொடுத்தார். “கடிதத்த நான் டைப் அடிச்சு முன்னால வச்சுக்கிறேன். நீ சைன் மட்டும் வாங்கிட்டு வா.” கோயில் திருவிழாவுக்கும் லிஃப்ட் பழுதுக்கும் அப்படித்தான் வாங்குவோம். எதற்கென்று தாளின் தலையில் ஒரு வரிகூட எழுதும் வழக்கமில்லை. காற்றாடிப் பேச்சு பிறகு தானாக அடங்கிப்போனது. கடல் தப்பித்தது என்று நானாவின் கடையில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

“தலைவருக்கு அந்த இருபது மாடியில ஒரு வீடாம். கடலப் பாத்த வீடு,” என்றார் அக்கா, நகல் தாள்களை என் கையில் வைத்து.

“என்னையும்தான்க்கா ஏமாத்திட்டாரு.”

“அவரு என் வாசலுக்கு வரல தம்பி. நீதான் வந்த.”

ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய புது ஆட்சேபக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பேனாவோடு நீட்டினேன்.

அக்கா பேனாவைத் தொடவில்லை. கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, என்னை வாசலிலேயே நிற்க வைத்து, முதல் வரியின் கீழே விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்கத் தொடங்கினார்.