முகம் தெரியாத மாப்பிள்ளை

இன்று காலை யாழ்ப்பாணம் நகரில் ஒரு வீடியோக் கடை. எனக்கு முன்னால் குருநகர் அம்மா ஒருவர் நின்றார்.

மகளுக்குக் கனடாவில் கல்யாணம் நடந்திருக்கிறது. இவருக்கு விசா கிடைக்கவில்லை. மகள் போனுக்கு அனுப்பிய வீடியோவை டிவிடியில் போட்டு, பின்னேரம் சொந்தக்காரரை இருத்தி டிவியில் காட்ட வேண்டும். மாப்பிள்ளையை இங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

கடைக்காரர் டிவிடியை ஓடவிட்டார். மாப்பிள்ளையின் முகத்துக்குக் குறுக்கே பெரிய ஆங்கில எழுத்துகள்.

"இதென்ன தம்பி, முகத்திலை எழுதிக் கிடக்கு?"

"அது வீடியோவை மாத்துற சொஃப்ட்வெயாரின்ரை பேர், அன்ரி. காசு கட்டாமல் பாவிச்சால் அப்பிடித்தான் விழும்."

காசு கட்டாதவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. கடை வாசலில் 'உயர்தரம்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

"எனக்கு அது தெரியக்கூடாது. மறைச்சுத் தாங்கோ."

"ஓம் அன்ரி, அதுக்கென்ன."

மறைத்துத் தந்தார். ஆங்கில எழுத்துகளின் மேல் இப்போது ஒரு சிவப்புப் பட்டி. அதில் கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், இரு பக்கமும் ரோசாப்பூ. பட்டிக்கு மேலே மாப்பிள்ளையின் தலைமயிர் தெரிகிறது; கீழே கோட் தெரிகிறது.

அம்மா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"தம்பி, என்ரை பிள்ளைக்கு மோதிரம் போட்டது மாப்பிள்ளையோ, நீயோ?"

"வடிவாத்தானே கிடக்கு, அன்ரி."

அம்மா இன்னும் அந்தக் கடையில்தான் நிற்கிறார். மாப்பிள்ளைக்கு முகத்தை விட்டுவைக்கும் கடை நகரில் எங்காவது இருந்தால், பின்னேரத்துக்கு முன் கீழே எழுதுங்கள்.