கந்தவேலின் கைச்சைகை

கந்தவேல் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் முப்பது ஆண்டுகள் டிரில்லராக இருந்தவர். கம்ப்ரசரின் இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. ஆகவே ரிக்கில் எல்லாம் கைச்சைகைதான். சுட்டுவிரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் துளையிடும் இரும்பு ராடை இறக்கு. மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. வேலையை விட்ட பின்னரும் வீட்டில் அவர் பாதி வார்த்தைகளைக் கையால்தான் சொன்னார். மனைவி மஞ்சுளா அதற்குப் பழகிக்கொண்டார். கருவாயன் என்ற நாயோ குட்டியிலிருந்து அந்த மொழி ஒன்றையே அறிந்தது.

சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொன்னார் மருத்துவர். சாலையில் நடப்பது கந்தவேலுக்குப் பிடிக்கவில்லை. மாசி பிறந்து, பனி விலகி, வெயில் முற்றாத அந்தச் சில வாரங்களில் ஞாயிறுதோறும் கருவாயனுடன் வெண்ணந்தூருக்கு அருகே அலவாய்மலையின் ஒற்றையடிப் பாதையில் ஏறுவார். ஏறும்போது களைப்பு, இறங்கும்போது அதைவிடக் களைப்பு. ஆயினும் மறு ஞாயிறு கிளம்பிவிடுவார். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் களைப்பு போகவில்லை என்பதே காரணம்.

இவ்வாண்டு, அவருடைய ரிக்கில் முன்பு ஓட்டுநராக இருந்த வேல்முருகனும் உடன் வந்தார். பாதி மலைக்கு மேல் ஒரு பாறையில் கந்தவேல் அமர்ந்துவிட்டார். முழங்கால் வலித்தது. பக்கத்தில் பாறை விளிம்பில் கருவாயன் நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. கீழே வளைவில் பின்தங்கியிருந்த வேல்முருகன் கத்தினார்.

"ஏனுங்ணா, போதுமுங்களா? எறங்கீரலாமா?"

சொல் சரியாகக் கேட்காவிட்டாலும் கேள்வி புரிந்தது. கந்தவேல் பழக்கத்தால் சுட்டுவிரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினார். வேல்முருகன் தலையசைத்தார். ஆனால் அந்தக் கட்டளையை முதலில் நிறைவேற்றியது நாய். பாதையைத் தேடாமல், விளிம்பிலிருந்து நேராகச் சரிவில் இறங்கி, உண்ணிச்செடிப் புதருக்குள் மறைந்தது. அந்தச் சரிவின் அடியில் செங்குத்துப் பள்ளம்.

"கருவாயா! வாடா சாமி!" என்று மூச்சிரைக்க ஏறிவந்த வேல்முருகன் கூப்பிட்டுப் பார்த்தார். புதர் அசையவில்லை.

"கூப்பிட்டா வராதப்பா. கையப் பாத்தாத்தான் வரும்."

"நல்லா வளத்துனீங்க போங்க! பேரச் சொன்னா வாரதுக்காச்சும் பழக்கியிருக்கக் கூடாதுங்களா?"

"ரிக்குல எவன்டா பேரச் சொல்லிக் கூப்பிட்டான்?"

"அது ரிக்குங்ணா, இது நாயிங்க."

கந்தவேல் வேட்டியை மடித்துக் கட்டி, உட்கார்ந்தபடியே சரிவில் நகரத் தொடங்கினார். உள்ளங்கை தோல் உரிந்தது. புதரைக் கடந்ததும் நாய் தெரிந்தது. பள்ளத்துக்கு ஓரடி முன்னால், ஒரு சிறு பாறைத்திட்டில், அடுத்த கட்டளைக்காக அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கந்தவேலின் வலக்கை ஒரு வேரைப் பற்றியிருந்தது. அதை விட்டால் அவரே சறுக்குவார். இடக்கையை உயர்த்தினார். பழக்கமில்லாத அந்தக் கையில் விரல் சரியாகச் சுழலவில்லை. அது எந்தச் சைகை என்று விளங்காமல் கருவாயன் முன்கால் ஒன்றைத் தூக்கிப் பள்ளத்தின் பக்கம் திரும்பியது.

அவர் சட்டென்று இடக்கையை நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டார். குதிகாலைப் பாறை வெடிப்பில் ஊன்றி, முதுகைச் சரிவில் அழுத்தி, மெதுவாக வேரை விட்டார். உடல் நின்றது. வலக்கைச் சுட்டுவிரலை மேல்நோக்கித் தெளிவாகச் சுழற்றினார். நாய் ஏறியது, சறுக்கியது, மீண்டும் ஏறி அவர் மடியில் விழுந்தது. எழுந்திருக்க இருவருக்கும் வலுவில்லை. வேல்முருகன் தம் துண்டைக் கீழே விட்டு ஒருவர்பின் ஒருவராக இழுத்தெடுத்தார்.

"உச்சிக்குப் போயிட்டு வந்தர்லாமுங்களா?"

"வாய மூடிட்டு நட."

இறங்கும் வழியெல்லாம் கருவாயன் நொண்டியபடி அவர் கைகளையே பார்த்து நடந்தது. கந்தவேல் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். இருமுறை அவருக்குக் கால் தடுக்கியது. அப்போதும் கையை நீட்டவில்லை. வேல்முருகன்தான் தோளைப் பிடித்துக்கொண்டார்.