கோபமாகப் பார்த்த கண்

சிவப்புப் பட்டு நூலை நகத்தால் பிரித்து, அதிலிருந்து ஓர் இழையை மட்டும் இடுக்கியால் உருவியது வலது கை. இடது கையில் ஒரு கண் இருந்தது. முழு உருண்டை அல்ல, சிப்பி ஓடு போல வளைந்த வெள்ளை வில்லை. நடுவில் பழுப்பு வட்டம் தீட்டி முடிந்திருந்தது. வெள்ளையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி இழையை வளைத்துப் படுக்க வைத்து ஒரு சொட்டுத் திரவம் விட்டதும், அது இரத்த நாளமாக ஒட்டிக்கொண்டது. போதுமா என்று கேட்பதைப் போலக் கை சற்று நின்றது. பிறகு இன்னும் தடிமனான ஓர் இழையைத் தேடி எடுத்தது.

அந்தக் கைக்காரி முதலில் பல் செய்துகொண்டிருந்தவள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் வார்த்துக் கொடுக்கும் பட்டறை அது. பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணிக்கு ஒரு கண் இல்லை. "பல்லுக்கு இவ்வளவு பொருத்தமா நிறம் கொண்டு வர்றீங்களே, கண்ணுக்கு முடியாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கேள்வி முள்ளாகத் தைத்து நின்றது. அதே பிளாஸ்டிக், அதே மெருகுச் சக்கரம். தெரியாதது கண் மட்டும்தான். அதைத் தெரிந்துகொள்ளக் கடைத்தெருவிலும் பேருந்திலும் எதிரில் வருபவர்களின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, ஆளுங்கள இப்படி முறைக்காதீங்க. என்னைக்காவது ஒருத்தர் கை நீட்டிடுவாங்க" என்று நாத்தனார் அன்றைக்கே எச்சரித்தாள். பட்டறையில் அச்சு வார்ப்பதும் வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பதும் நாத்தனாரின் வேலை. இரண்டாவது வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

பழுப்புக் கண் ஒரு சலூன்காரருக்கு. தொற்று முற்றி இடது கண்ணை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆறியதும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடை திறந்து பார்த்தார். "கறுப்புக் கண்ணாடியோட கையில கத்திய வச்சுக்கிட்டு நின்னா எவன் கழுத்த நீட்டுவான்?" என்று அவரே கேட்டுச் சிரித்தார். இப்போது கடையில் அவருடைய மச்சான் நிற்கிறான். "அவன் வெட்டுற வெட்டுல பாதிப் பேர் தொப்பி வாங்கிட்டாங்க அக்கா. சீக்கிரம் கண்ணக் குடுங்க. கடை என் கையில நிக்கிறது உங்க கையிலதான் இருக்கு."

கண் முடிந்தது. மேலே தெளிந்த பிளாஸ்டிக்கை வார்த்து, வேகவைத்து, மெருகேற்றிக் கொடுத்தாள். அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் சுவர்க் கண்ணாடியின் முன்னால் போய் நின்றார். நாளெல்லாம் கண்ணாடியில் முகம் பார்க்கும் தொழில்காரர். இடம், வலம், மேல், கீழ் என்று நிதானமாகப் பார்த்தார்.

"என்னன்னு சொல்லத் தெரியல அக்கா. ஒரு கண்ணு பேசிக்கிட்டு இருக்கு. இன்னொரு கண்ணு கோவமா இருக்கு."

அவள் அவரை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தாள். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நிறம் சரி, வட்டத்தின் அளவு சரி, நோக்கு சரி. கோபம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"ஜன்னல் ஒரே அழுக்கு" என்றாள்.

"காலையில நீங்கதான் துடைச்சீங்க. நேத்தும் துடைச்சீங்க" என்றாள் நாத்தனார். பிறகு குரலைத் தணித்து, "உங்கப்பாவும் இப்படித்தான் மூக்குக் கண்ணாடியத் துடைச்சிக்கிட்டே இருப்பாராமே, நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

அவள் அந்தக் கண்ணைச் சலூன்காரரிடமிருந்து திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் கண் மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் அவளை விட வயதில் இளையவர். கருவியின் மேல் அவளுடைய மோவாயை வைக்கச் சொல்லிக் கீற்று வெளிச்சத்தை ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல ஒரு தெளிந்த சவ்வு இருக்கிறது, அதன் பெயர் கார்னியா என்றார். எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். தெளிவாக இருக்க வேண்டிய இடத்தில் ரொட்டித் தூளைத் தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"குடும்பத்துல வர்றது. அப்பாவுக்கு இருந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமா சேருறதால தெரியாது. வெளிச்சம் சிதறும், எல்லாமே வெளிறித் தெரியும்."

"துடைக்க முடியாதா?"

"துடைக்க முடியாது. லேசரால மேலாக எடுக்கலாம்."

"எவ்வளவு ஆழம்?"

"முடியைப் பிளந்தா வர்ற கனம்னு வச்சுக்குங்க. அடியில இருக்கறத விட்டுடுவோம். அதுக்காகத் தோண்டினா கார்னியா மெலிஞ்சு போயிடும், வளைவும் மாறிடும்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புள்ளிகள் மேடு பள்ளமாக இருக்கின்றனவே, லேசர் எல்லா இடத்திலும் ஒரே அளவு எடுத்தால் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் அப்படியே கீழே இறங்கிவிடாதா என்று கேட்டாள். டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பள்ளத்தில் ஒரு திரவத்தை நிரப்புவோம், லேசர் முதலில் வெளியே துருத்தும் மேட்டைத்தான் தொடும், இடையிடையே நிறுத்திப் பார்ப்போம், மறுபடி நிரப்புவோம் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். சில வருடங்களில் புள்ளிகள் திரும்பி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. முதலில் அவள் வேலைக்கு அதிகம் நம்பும் வலது கண்ணுக்குச் செய்வது என்று முடிவானது.

"பொசுங்குற மாதிரி வாசனை வரும். பயப்படாதீங்க. பச்சை வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருங்க, அது போதும்."

மருந்து விட்டதும் கண் மரத்தது. இமையைக் கம்பி விரித்துப் பிடித்தது. மேலே பச்சைப் புள்ளி. 'டக்டக்' என்று சத்தம் கிளம்பியது. கூடவே முடி கருகும் வாசனை மூக்கில் ஏறியது.

பட்டறையில் மெருகுச் சக்கரத்தில் அப்படி வாசனை வந்தால் பிளாஸ்டிக் சூடேறிவிட்டது என்று பொருள். பொருளை அந்த நொடியே பின்னால் இழுக்க வேண்டும், இல்லையென்றால் பரப்பு கொப்பளித்துவிடும். யோசித்துச் செய்கிற காரியமல்ல அது. இன்றைக்குச் சக்கரத்தில் இருந்த பொருள் அவளுடைய தலை. இழுத்துவிட்டாள்.

சத்தம் சட்டென்று நின்றது.

"என்ன ஆச்சு? வலிக்குதா?"

"சூடாயிடுச்சு டாக்டர். கொஞ்சம் ஆற விடுங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "அசைஞ்சதும் மெஷின் தானா நின்னுடும், ஒண்ணும் ஆகல. இது சுடுற வெளிச்சம் இல்லம்மா. மேல இருக்கறத நுணுக்கி நுணுக்கிப் பிரிச்சு விடுது, அது பறக்குற வாசனைதான். முன்னாடியே சொன்னேனே?"

"சொன்னீங்க. மண்டைக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியல."

இப்போது டாக்டரும் சிரித்துவிட்டார். நர்ஸ் இரண்டு கையாலும் அவள் தலையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். மறுபடி திரவம், மறுபடி 'டக்டக்'. வாசனை வந்தபோது அவள் பச்சைப் புள்ளியை விட்டு விலகவில்லை. சுடாமல் ஒன்று எப்படிச் சீவும் என்ற யோசனையிலேயே மீதி நேரம் போய்விட்டது.

முதல் சில நாள் பொல்லாத நாள்கள். காப்புக்காக மெல்லிய லென்ஸ் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கடியில் மணலைக் கொட்டினாற்போல உறுத்தியது. நாத்தனார் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். வலி அடங்கி லென்ஸை எடுத்த பிறகும் பார்வை தெளியவில்லை. இடுக்கியின் முனை இரண்டாகத் தெரிந்தது. புதுத்தோல் படிய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் நூல் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து சலூன்காரர் ஃபோன் செய்தார். "சிரமப்படாதீங்க அக்கா. கடைய மச்சான் பேர்லயே விட்டுடலாம்னு இருக்கேன். அந்தக் கண்ணையே குடுத்துடுங்க. கோவக்காரன்னு நினைச்சாத் தெருவுல ரெண்டு பேர் பயந்தாவது நிப்பாங்க."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். எதை நம்பிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

தெளிவு மெதுவாகத்தான் வந்தது. கிட்டத்துப் பார்வைக்குப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. அதை மாட்டிக்கொண்ட காலையில், பழுப்புக் கண்ணைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

வலது கண்ணை மூடி, லேசர் படாத இடது கண்ணால் பார்த்தாள். சரியாக இருந்தது. இடதை மூடி வலதால் பார்த்தாள். வெள்ளையில் கயிறு கயிறாகச் சிவப்பு ஓடியது. பழுப்பைச் சுற்றிய விளிம்பு மை தீட்டினாற்போலக் கறுத்திருந்தது. தூக்கம் கெட்டவனின் கண், சண்டைக்கு நிற்பவனின் கண். மறுபடி இடது, மறுபடி வலது. வேடிக்கை பார்ப்பதைப் போல மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மங்கல் எல்லாவற்றையும் வெளிறச் செய்திருக்கிறது. வெளிறியதைக் கை தன்பாட்டுக்குத் தடித்த நூலால் ஈடுகட்டியிருக்கிறது.

"அப்படின்னா இதுக்கு முன்னாடி குடுத்ததெல்லாம்?" என்றாள் நாத்தனார்.

"ஒவ்வொருத்தரா வரச் சொல்லிப் பாக்கணும்."

"யாரும் குறை சொல்லலையே அண்ணி."

"இவரு சொன்னாரே."

மேலே இருந்த தெளிந்த அடுக்கைச் சிறு அரவை முனையால் சீவினாள். அதற்குக் கீழேதான் நூல்கள், அதற்கும் கீழே பழுப்பு நிறம். அவசரப்பட்டால் வட்டமே போய்விடும். நிறுத்தி, நீர் தொட்டு, சாய்த்துப் பார்த்து, மறுபடி சீவினாள். நூல்களை உரித்துப் போட்டாள். விளிம்பின் கறுப்பைச் சுரண்டி, அந்த இடத்தில் சாம்பல் கலந்த பழுப்பைக் கரைந்தாற்போலத் தடவினாள். பிறகு ஒற்றை இழையை எடுத்து, அதையும் ஊசியால் பிளந்து, அதில் பாதியை வைத்தாள். எங்கே நிறுத்துவது என்று இந்தத் தடவை கண் சொன்னது, கை கேட்டது. தெளிந்த அடுக்கைப் புதிதாக வார்த்து, வேகவைத்து, சக்கரத்தில் மெருகேற்றினாள்.

சலூன்காரர் நாத்தனார் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை.

"கோவம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்துட்டேன். உங்களுக்குத்தான் தெரியும், நீங்க பாத்து சொல்லுங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்து, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவள் கண்ணை வெந்நீரில் அலசி, ஈரத்தோடு அந்தக் கையில் வைத்தாள்.