உம்மா கழுவிய நுரைக்கோப்பை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. அதன் ஓரத்தில் நெட்டையாக ஒரு குழாய். குழாயின் தலையில் மூடி போட்ட ஒரு கோப்பை. குழாய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். மீன்களின் கழிவும் மிஞ்சிய தீனியின் பிசுக்கும் அந்தக் குமிழிகளில் ஒட்டி, நுரையாகப் பொங்கி, கோப்பையில் விழுந்து பழுப்புத் தண்ணீராகத் தேங்கும். கடைக்காரர்கள் இதைப் புரோட்டீன் ஸ்கிம்மர் என்பார்கள். உம்மா வைத்த பெயர் நுரைச்சட்டி. இன்று காலை தூசி தட்டும்போது குழாயின்மேல் மங்கலாக ஏழெட்டு மார்க்கர் கோடுகள் கண்ணில் பட்டன. பார்த்ததும் தனியாக நின்று சிரித்துவிட்டேன். அந்தக் கோடுகள் விழுந்த வாரத்தில் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

எங்கள் கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஊரில் மற்ற மாப்பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். எனக்கு வாய்த்தவர் ஒரு தொட்டிக் கடலையே தூக்கிக்கொண்டு வந்தார். துபாயில் பெரிய பெரிய ஓட்டல்களில் மீன்தொட்டி வைத்துப் பராமரிப்பது அவர் வேலை. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "தெரு முக்குல கடலு கெடக்கு, உங்க மாப்பிள்ள வீட்டுக்குள்ள உப்புத் தண்ணிய ஊத்தி வச்சிருக்காரே!" என்று பக்கத்து வீட்டம்மா வாய் வலிக்கச் சிரித்தார். உம்மாவுக்கும் உள்ளூர அதே எண்ணந்தான். ஆனால் மாப்பிள்ளை ஆயிற்றே, வாயைத் திறப்பாரா? "மாஷா அல்லாஹ், அழகா இருக்குன்னு சொல்லு புள்ள" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

சொல்லி அனுப்பினார் என்றால் நாலு எட்டுத் தூரந்தான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. உம்மா அந்தக் காலத்து மனுஷி. மருமகன் முன்னால் நின்று பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். திரைக்கு அந்தப் பக்கம் உம்மா, இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், நடுவில் தபால்காரியாக நான். "மாப்பிள்ளைக்கு இன்னொரு இடியாப்பம் வேணுமான்னு கேளு" என்ற குரல் அவருக்குக் காது நிறையக் கேட்கும். ஆனாலும் நான் திரும்பி ஒருமுறை கேட்ட பிறகுதான் அவர் போதும் என்று சொல்வார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

தொட்டி வந்த மூன்றாம் நாள் அந்த நுரைச்சட்டிக்குப் பைத்தியம் பிடித்தது. நல்ல நுரை என்றால் சொட்டுச் சொட்டாக, கஷாயம் போலக் கறுத்து விழ வேண்டுமாம். இதுவோ பால் பொங்குவதுபோலப் பொங்கி, கோப்பை நிறைந்து வழிந்து, கூடமெல்லாம் ஓடியது. அவர் குழாயின் அடியில் இருந்த திருகை ஒரு நூல் அளவு திருப்பி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, "ஒரு நாள் பொறு, சரியாயிரும்" என்றார். மறுநாளும் பொங்கியது. இன்னொரு கோடு. அதற்கு மறுநாளும் பொங்கியது. துபாயில் அத்தனை தொட்டிகளை அடக்கி ஆண்ட மனுஷன், மாமியார் வீட்டில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தினமும் தரை துடைத்தார். திரைக்குப் பின்னால் உம்மா துடித்துப் போனார். "யா அல்லாஹ், எம் மாப்பிள்ள என் வீட்டுத் தரையத் தொடைக்கவா வந்தாரு?"

ஒரு வாரம் போனது. வியாழக்கிழமை சாப்பிடும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இது இங்கன தோதுப்படல போல. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் லோடு ஆட்டோ வரச்சொல்லிருக்கேன். எங்க உம்மா வீட்டுலயே கொண்டுபோய் வச்சுர்றேன். மாமிக்கு எதுக்குத் தொந்தரவு?" நல்ல மனதோடு சொன்ன சொல்தான். ஆனால் திரை அசைந்ததை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் சாமான் பெண் வீட்டுப் படியிறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்றைக்குத் தொட்டி, நாளைக்கு மாப்பிள்ளை. அதுவும் வாப்பா இல்லாத வீடு. உம்மா அன்று சோற்றைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போன நேரம், உம்மாவைக் காணோமே என்று கொல்லைப்புறம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நுரைச்சட்டியின் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் ஒரு பக்கம் ஓடியது.

"என்ன உம்மா பண்றீங்க?"

"போறதுதான் போவுது, பளிச்சுன்னு போவட்டும். தெனமும் விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு நாந்தானே கழுவி வச்சேன். அந்த நாத்தத்த மாப்பிள்ள தொடலாமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோப்பை தினமும் பளபளப்பதைப் பார்த்து, என் வீட்டுக்காரர்தான் கழுவுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். புதுப்பெண்டாட்டி எவ்வளவு அக்கறையாகக் கழுவுகிறாள் என்று அவர் பூரித்துப் போயிருந்தார். தொட்டிச் சாமான் எதிலும் சோப்பு படவே கூடாது என்று முதல் நாளே அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் உம்மாவிடம் சொல்லவில்லை. அந்தத் தொட்டிப் பக்கமே திரும்பாதவர் அதைத் தொடுவார் என்று யார் கண்டது? "உம்மா, சோப்பப் போட்டா நுரைக்காம என்ன செய்யும்!" என்று கத்தினேன். உம்மா கோப்பையைப் பார்த்தார். கை நிறைய நுரை. அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார், முகமெல்லாம் நுரையாயிற்று.

"நான் சொல்லிக்கிறேன், நீங்க உள்ள போங்க" என்றேன்.

"வேணாம். செஞ்சது நானு. நாந்தான் சொல்லணும்."

வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக அவர் கூடத்துக்குள் நுழைந்தார். பச்சைத் திரை விலகியது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் கோப்பையை ஏந்தி, உம்மா அவர் எதிரில் வந்து நின்றார்.

"மாப்பிள்ள, உங்க மிஷினு மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் தெனமும் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். தொட்டியத் தூக்கிட்டுப் போயிராதீங்க."

அவர் கோப்பையைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், குழாயில் தான் போட்ட கோடுகளைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! ஆட்டோக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "அந்த நாத்தத்தையா மாமி, தெனமும் நீங்க கழுவுனீங்க? எங்க உம்மாகூட அதத் தொட மாட்டாகளே!" என்றார். அன்று வீட்டில் பிரியாணி. ஆட்டோக்காரர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

சாயங்காலம் கோப்பையையும் குழாயையும் பத்துத் தரம் அலசி, தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினோம். ரெண்டு நாள் கழித்து அவர் உம்மாவைக் கூப்பிட்டு, திருகில் கை வைக்கச் சொன்னார். "ஒரு அரிசி அளவுதான் மாமி. திருப்பிட்டு விட்டுறணும், நோண்டக் கூடாது." உம்மா பிரியாணிக்குத் தம் போடும்போது அடுப்பைத் தணிப்பாரே, அதே நிதானத்தோடு திருப்பினார். மறுநாள் காலை கோப்பையின் அடியில் ரெண்டு விரல் அளவு கறுப்புக் கஷாயம். ஊரெல்லாம் கேட்கும்படி "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கூவினார். இவ்வளவு நாற்றமடிக்கும் ஒன்றைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மூன்று பேர் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது அவர் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிறார். மற்ற நாட்களில் வீடியோ காலில் எனக்கு ஸலாம் சொன்ன கையோடு, "மாமியக் கூப்பிடு, நுரை எப்படின்னு கேக்கணும்" என்பார். பிறகு நான் பேச்சில் எங்கே இருக்கிறேன்! அந்தப் பச்சைத் திரை கிழிந்து, தொட்டிக்குக் கீழே சிந்தும் தண்ணீரைத் துடைக்கும் துணியாகி ரொம்ப நாளாயிற்று.

போன வாரம் வந்திறங்கியவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, நேரே நுரைச்சட்டியிடம் போய்த் திருகில் கை வைத்தார். சமையலறையிலிருந்து வந்த உம்மா அவர் புறங்கையில் பட்டென்று ஒரு அடி போட்டார்.

"தொடாதீங்க மாப்பிள்ள! இப்பத்தான் சரியா வச்சிருக்கேன்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக நகர்ந்து நின்றார். உம்மா கோப்பையைக் கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து மாட்டினார்.