தண்ணி மாத்திரையும் எட்டு மணி ஃபெரியும்

நர்ஸ் வேலை என்றால் ஊசி போடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். இருபது வருடத்தில் நான் அதிகம் செய்தது, அடுத்தவர் எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று அளந்து எழுதியதுதான். போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரி, இதய நோய் வார்டு. சொந்தக்காரருக்குத் துணையாக வந்து, "பாட்டிலை யார் கொட்டினது?" என்று என்னைப் போன்ற ஒருத்தியிடம் திட்டு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

முதல் பாட்டில்

கருப்பையா அண்ணாச்சிக்கு வீடு பாம்பூஃப்ளாட்டில். கடல் தாண்டி அக்கரையில் சாத்தம் பக்கம் மிக்ஸி ரிப்பேர் கடை. ஒருநாள் காலை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல நாலு தடவை மூச்சு வாங்கினார். படுக்க வைத்தால் பதறி எழுந்து உட்கார்ந்தார். வீட்டிலும் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் தூக்கமாம். இதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்காததால் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஒரே வருடத்தில் இது மூன்றாவது தடவை. "இன்னொரு தடவை இப்படி வந்தால் மீட்பது கஷ்டம்" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஆக்ஸிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டோம். அரை மணி நேரத்தில் பாட்டில் நிறைய ஆரம்பித்தது; மூச்சிரைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவர் மனைவி செல்லம்மா அக்கா பாட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா மனுசன் மிக்ஸியக் கழட்டிக்கிட்டு இருந்தாரு, சிஸ்டர்?" என்றார்.

கட்டிலுக்கு அடியில்

நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது, குடித்ததை எழுத வேண்டும் என்று அக்காவிடம் தாள் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் எடை குறைய வேண்டியது, அரை கிலோ ஏறியிருந்தது. தாளில் தண்ணீர், டீ, ரசம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. குனிந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியில் வெட்டிய இளநீர்க் காய்கள் நான்கு! ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த அவர் தம்பி ஒரு குலையையே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அசரவில்லை. "அரே சிஸ்டர், தண்ணி, டீதானே எழுதச் சொன்னீங்க? இது மரத்துல காச்சதுல்ல!"

ஞாயிற்றுக்கிழமை

வீட்டுக்கு அனுப்பும் முன் அவருடைய மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னேன். மற்ற மாத்திரைகள் தீரும் நிலையில் இருந்தன. நீர் பிரியும் மாத்திரை மட்டும், நாங்கள் தண்ணி மாத்திரை என்போமே, அட்டை அட்டையாகக் கிடந்தது. தினமும் போடுவதாக மூன்று தடவையும் எங்களிடம் சொன்ன மனிதர்! கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கத்த மனம் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி, அக்கா பக்கம் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "கடைக்குப் போக எட்டு மணி ஃபெரி போட்டுக்கு லைன்ல நிக்கணும், சிஸ்டர். அதப் போட்டா அடக்க முடியல. ஒருநாள் அத்தன பேரு முன்னாடி பேண்டு நனைஞ்சிருச்சு. ஆனா, ஞாயித்துக்கிழம மட்டும் தவறாமப் போட்டுர்றேன். அன்னைக்கி ஃபெரி ஏற வேண்டாமே!"

தலையணை

டாக்டரிடம் சொன்னேன். அவர் மாத்திரை நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார்: வழக்கம்போல் கடையை இரண்டு மணிக்குச் சாத்தி, மூன்று மணிக்கு வீடு வந்ததும் மாத்திரை, தினமும் காலையில் எடை, ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும். அந்த ஒரு மாதமும் வார்டுக்குள் சக்கர நாற்காலி வந்தாலே, உட்கார்ந்திருப்பது அவரா என்று பார்ப்பேன். பயம்தான், வேறென்ன?

மாதம் முடிந்து, அக்காவோடு மாடிப்படி ஏறியே வந்தார். மூச்சு வாங்கவில்லை. எடைத் தாளை நீட்டினார், ஒருநாளும் விடவில்லை. "இப்ப எத்தனை தலையணை அண்ணாச்சி?" என்றேன்.

"ஒண்ணுதான் சிஸ்டர். மத்த ரெண்டையும் இவ எடுத்துக்கிட்டா."

இதயத்தையும் நுரையீரலையும் இண்டு இடுக்கு விடாமல் ஆராய்ந்த எங்களுக்கு, மனிதர் வேலைக்கு எப்படிப் போகிறார் என்று கேட்க மட்டும் மூன்று அட்மிஷன் தேவைப்பட்டது.