எண்ணெய் போட்ட தூண்கள்

என் சின்ன அத்தையின் மூன்றாவது மகள் ரூபாவதி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டியவள். புருஷன் போனபிறகும் லாங் பஜாருக்குப் பின்னால், பழைய வீடொன்றில் வாடகைக்கு இருந்தாள். வேறு போக்கிடம் இல்லை. ஓனரோ வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மரபு நடை என்று, பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கும் கூட்டம் அங்கே வருவதாகத் தகவல் வந்தது. நாலு பேர் மெச்சினால் ஓனர் மனசு மாறும் என்று நம்பினாள் ரூபாவதி. கூடத்துத் தேக்குத் தூண்கள் நான்கையும் இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

வந்தவர்கள் அசந்து போனார்கள்.

"இந்த மாதிரி தூணு இப்ப எங்கயும் கிடைக்காதுங்க" என்றார் கூட்டி வந்தவர். ஓனரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரமே தூண்களை வாங்க ஆள் வந்துவிட்டது.

"தூண எடுத்தா கூரை நிக்காதேண்ணா. நான் எங்க போவேன்?" என்றாள் ஓனரிடம்.

"எப்படியும் இடிக்கப்போற வீடும்மா. நீ மினுக்கி வெச்சதுலதான் அவங்களுக்கு ஆசை ஜாஸ்தியாயிடுச்சு."

வண்டியில் ஏற்றும்போது தூண் கீறாமல் இருக்கச் சுற்றுவதற்கு, அவளிடமே பழைய புடவை கேட்டார்கள். இரண்டு எடுத்துக் கொடுத்தாளாம்.